அக்காவின் கன்னத்தில் விழுந்த பச்சை

போன வாரம் வாங்கிய மீனை ஐஸோடு தெர்மகோல் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். பெட்டியைக் கழுவி, மூடியை மொட்டைமாடியில் காயவைத்தேன். குனிந்தபோது மூடியில் பட்ட வெயில் திரும்பி வந்து என் தாடைக்கு அடியில் விழுந்தது. கூடவே எத்தனை சோப்பு போட்டாலும் போகாத சங்கரா மீன் வாடை. உடனே எங்கள் அக்காவின் சுளித்த மூக்கு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நான் ஒரு காலத்தில் போட்டோகிராபர். சிரிக்காதீர்கள். 2008-ல் கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ் பிடித்து சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் பாடம் எடுக்கப் போய்வந்தேன். முதல் தீபாவளி போனஸில் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கி, கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் மரியாதையாக, "எந்தப் பத்திரிகைங்க?" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டூடியோவில் பவுடரும் லைட்டும் சேர்ந்து அவளை யாரோ செக்கச்செவேலென்ற பெண்ணாக மாற்றியிருந்தன. அந்தப் போட்டோவை நம்பி நேரில் வந்த ஒரு குடும்பம், காபியைக் குடித்துவிட்டு, "போட்டோவுல வேற மாரி இருந்துச்சே" என்று அக்காவின் காதுபடவே சொல்லிவிட்டுப் போனது. அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் என் எதிரில் வந்து நின்றாள்.

"நான் எப்படி இருக்கேனோ அப்படியே எடுடா. புடிக்கலன்னா அவுங்க வூட்டுக்கே வர வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா சேத்தியாத்தோப்பில் ஒரு வீட்டுக்குப் போட்டோ கொண்டுபோவதாக ஏற்பாடு. எனக்கோ தெரிந்த சாஸ்திரம் ஒன்றே ஒன்று: சூரியன் எடுப்பவனின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். மொட்டைமாடியில் அக்காவை வெயிலுக்கு நேராக நிறுத்தினேன். தரை சுட்டதில் அவள் கால் மாற்றிக் கால் வைத்தாள். படத்தில் கண்கள் இரண்டு கோடுகளாக இருந்தன. சேலை மடிப்பின் மேல் என் தலையின் நிழல், இரண்டு முழங்கைகளோடு. பெரியப்பா வாங்கிப் பார்த்தார்.

"பொண்ணுக்குக் கண்ணு தெரியுமான்னு கேப்பாங்கடா."

சரி, வெயில் வேண்டாம், நிழல். எங்கள் கொல்லையில் ஒரு நாட்டு பாதாம் மரம் இருந்தது. தட்டுத்தட்டாக இலை, அடியில் எப்போதும் குளுமை. கொட்டையைக் கல்லால் உடைக்கப் போய் விரலை நசுக்கிக்கொள்ளாத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. என் இடது கட்டைவிரல் நகம் இன்றும் கோணல்தான். மரத்தடியில் அக்காவை நிறுத்தி எடுத்தேன். இலை இடுக்கில் இறங்கிய வெயில் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக விழுந்திருப்பது எனக்குத் தெரியவே இல்லை. "என்னடா, அம்மை போட்டவ மாரி இருக்குறா" என்று அம்மா பதறினாள்.

அப்புறம் இன்டர்நெட்டில் தேடிப் படித்தேன். நிழலின் விளிம்பில் ஆளை நிறுத்தி, முகத்தைத் திறந்த வானத்தின் பக்கம் திருப்பி, கீழேயிருந்து வெள்ளையாக எதையாவது காட்ட வேண்டுமாம். எங்கள் வீட்டில் அவ்வளவு வெள்ளையாக ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு மேரியக்கா மீன் விற்பவர். அவருடைய தெர்மகோல் பெட்டி மூடியை இரவல் வாங்கி அம்மாவிடம் பிடிக்கக் கொடுத்தேன்.

"இன்னும் மேல தூக்கும்மா."

"தூக்குறேன். ஆனா இவளக் கட்டிக்கப்போறவன் போட்டோவ மோந்து பாக்காம இருக்கணும்."

மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டாள். அந்த நொடியில் எடுத்தேன். கண்கள் திறந்திருந்தன, புள்ளி இல்லை, அக்கா அக்காவாகவே இருந்தாள். பின்னால் மரத்தை மங்கலாக்கிவிட்டிருந்ததில் எனக்குத் தனிப் பெருமை. பிரிண்ட் வந்த பிறகுதான் தெரிந்தது, இலைகளின் நிறம் அவள் கன்னத்தில் ஏறியிருந்தது.

"பச்சையா இருக்குதேடா. பித்தம்னு நெனச்சிக்குவாங்க" என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா பஸ் ஏறினார். வேறு போட்டோ எடுக்க நேரமில்லை. அவர் திரும்பி வரும்வரை நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு காய்ச்சல்காரனாகப் படுத்திருந்தேன்.

அடுத்த வாரமே அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அக்காவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "போட்டோவுல பாத்த மாரியே இருக்குது பொண்ணு" என்றார். அக்கா தலை குனிந்தபடியே ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே விருது அதுதான்.

விருது வாங்கியவன் சும்மா இருப்பானா? சென்டரில் இருந்த கம்ப்யூட்டரில் நிறம் திருத்தக் கற்றுக்கொண்டேன். அந்த மரத்தடியில் அக்கா, அம்மா, தெருப் பிள்ளைகள் என்று எடுத்த அத்தனை படங்களையும் திறந்து, ஒவ்வொரு முகத்திலிருந்தும் பச்சையை உறிஞ்சி எடுத்து, பழைய படத்தின் மேலேயே சேமித்தேன். பித்தம் தெளிய வைத்த வைத்தியன் மாதிரி ஒரு நிம்மதி.

2011 கடைசியில் தானே புயல் அடித்தது. மரம் வேரோடு பெயர்ந்து மதில் மேல் சாய்ந்தது. பஸ் ஓட ஆரம்பித்து அக்கா சேத்தியாத்தோப்புப் புகுந்த வீட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் அதை வெட்டி அப்புறப்படுத்திவிட்டார்கள். அவள் அந்தப் பள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து கேட்டாள்.

"மரத்தோட போட்டோ ஒண்ணு குடுடா."

கம்ப்யூட்டரைத் திறந்து தேடினேன். எல்லாப் படங்களும் அந்த நிழலில் எடுத்தவை, ஒன்றில்கூட மரம் இல்லை. காதுகளுக்குப் பின்னால் திரைச்சீலை மாதிரி ஏதோ மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எல்லாத்துலயும் மங்கலாக்கிட்டேங்க்கா."

அக்கா கைப்பையைத் திறந்தாள். மாமா பத்திரமாக வைத்திருந்தாராம், அந்தப் பழைய பிரிண்ட். அதில் தன் கன்னத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

"இதுல இருக்குதுடா. இந்தப் பச்சை பின்ன எங்கேருந்து வந்துச்சு?"

இப்போது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் கொல்லை முழுக்க சிமென்ட், அதன் மேல் என் பைக். போன வாரம் காயவைத்த அந்த மீன் மூடியைத் தாடைக்குக் கீழே பிடித்து, போனில் என்னையே ஒரு படம் எடுத்தேன். வெளிச்சம் சுத்தமாக விழுந்திருந்தது. கண் திறந்திருந்தது, புள்ளி இல்லை, இத்தனை வருஷத்தில் பாடம் நன்றாகவே ஏறியிருக்கிறது. அக்காவுக்கு அனுப்பிவைத்தேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"நல்லாத்தான் இருக்குது. பச்சைதான் காணோம்."