குளித்த பிறகுதான் அம்மா

போன வருஷம், தீபாவளிச் சீசன் முடிகிற சமயம். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து நிரப்பும் வேலையில் இருந்தேன். என் மகளுக்கு அப்போது மூன்று வயது.

எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு நடை பழக்கும்போதே இன்னொன்றையும் பழக்கிவிடுவோம். வேலை விட்டு வரும் அம்மாவைத் தொடக் கூடாது. உடம்பெல்லாம் மருந்துப் பொடி இருக்கும். குளித்து, சேலை மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தூக்குவோம். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் கல்நெஞ்சுக்காரிகள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒருமுறை என் மகள் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு, அதே கையால் கண்ணைக் கசக்கிவிட்டாள். கண் சிவந்து வீங்கிப் போனது. கழுவிவிட்டு, இனி மறக்கவே கூடாதென்று கன்னத்தில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். அவள் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நான் வந்தால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

அந்தச் சீசனில்தான் ஒருநாள் பக்கத்து அறையில் தீப்பிடித்தது. ஓடி வந்ததால் உயிர் பிழைத்தேன். முதுகும் இரண்டு கைகளும் வெந்துவிட்டன. அந்த அறையில் வேலை பார்த்த ஒரு அக்கா பிழைக்கவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தேன். பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள். அவளை ஒருதரம் மடியில் வைத்துக்கொண்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்ற நினைப்பிலேயே கிடந்தேன்.

ஆட்டோவில் வீட்டுக்கு வந்து இறங்கினேன். வாசலில் நின்றாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"அம்மா, குளிச்சிட்டு வா."

என் மதினி, "எம்புட்டு சமத்தா வளத்திருக்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நாலைந்து நாள் பார்த்தேன். பிள்ளை பக்கத்தில் வரவே இல்லை. பொறுக்க முடியாமல், "அம்மா குளிச்சிட்டேன், வா தாயி" என்று பொய் சொன்னேன். தூர நின்றே எட்டிப் பார்த்துவிட்டு, "தல நனையலையே" என்றாள். "பரவால்ல, வா" என்று கையை நீட்டினேன். அவ்வளவுதான். இரண்டு கன்னத்தையும் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"தொட மாட்டேன்மா, அடிக்காத!"

தீயில் வெந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

புண் ஆறி, தலைக்குத் தண்ணீர் விட்ட அன்றுதான் வந்தாள். முதலில் என் கூந்தலைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் என்று தெரிந்த பிறகே மடியில் உட்கார்ந்தாள்.

இப்போது நான் கம்பெனிக்குப் போவதில்லை. வீட்டிலேயே அட்டைப்பெட்டி ஒட்டுகிறேன். ஆனாலும் தலையைத் தொட்டுப் பார்க்காமல் அவள் மடியேறுவதில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுகிறேன். அவள் நன்றாக இருக்க வேண்டுமென்றுதான் அடித்தேன், அவளும் நன்றாகத்தான் இருக்கிறாள். அந்த ஒரு அடியை அவள் மனதிலிருந்து எப்படி எடுப்பது என்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.