சாமந்தியைத் தொடாத வண்டு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். என் வாய்க்குப் பயந்தே எங்கள் வரப்பில் யாரும் மாடு கட்டமாட்டார்கள். அப்படிப்பட்ட நான் மூன்று வருஷமாக ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்தேன்.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டி எங்கள் நிலம். கரை முழுக்கப் பார்த்தீனியம். பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ வைத்து இடுப்புயரம் வளரும் எழவெடுத்த செடி. எத்தனை தடவை பிடுங்கினாலும் ஒரு மழைக்கு மறுபடி முளைத்து நிற்கும். மற்றவர்களுக்கு அது வெறும் களை. எங்க வூட்டுக்காரருக்கு அது எமன். முதலில் அவருக்குக் கண் இமை தடித்தது. பிறகு கழுத்து, முழங்கை மடிப்பு. சொறிந்து சொறிந்து தோல் புளியமரப் பட்டை மாதிரி ஆகிவிட்டது. அந்தச் செடியின் தூள் காற்றில் வந்து படுவதால்தான் இப்படி, மாத்திரை ஓரளவுதான் கேட்கும், செடி இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விடுங்கள் என்றார் தர்மபுரி டாக்டர். விவசாயியிடம் சொல்கிற பேச்சா அது? வெளியே வந்து நான் பொரிந்து தள்ளினேன். அவர் நேரே வயலுக்குத்தான் போனார். அந்த நிலத்தை விட்டால் அவருக்கு வேறு உலகமே கிடையாது.

அப்புறம்தான் வண்டு வந்தது. விவசாயப் பண்ணையில் வேலை பார்த்த அவருடைய சிநேகிதர், மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். துவரை பருமன் இருக்கும். வெளுத்த முதுகில் பழுப்புக் கோடு. பார்த்தீனியத்தைத் தின்று ஒழிக்கத்தான் இந்த வண்டு என்றார். மழை விட்ட ஒரு காலையில் இவர் முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு போய்க் கரையில் விட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து சாப்பிட உட்கார்ந்தால் வண்டுப் பேச்சுதான். அது முட்டை வைத்தது, புழு இலையை அரித்தது, வெயில் காலத்தில் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது என்று ஓயாமல் சொல்லுவார். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டே என் வேலையைப் பார்ப்பேன்.

அடுத்த மழைக்கு மண்ணுக்குள் கிடந்ததெல்லாம் கிளம்பி வந்தது. எங்கள் பக்கத்துக் கரையில் பார்த்தீனியம் வெறும் குச்சியாக நின்றது. அவர் கழுத்தும் ஆறத் தொடங்கியது. ரொம்ப நாள் கழித்துச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு மகனைப் பார்க்கச் சென்னைக்குக் கிளம்பினார். மனுஷன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அவர் ஊரில் இல்லாத அந்த வாரம்தான் நான் கெடுத்தேன். ஆயுத பூஜைக்கென்று போட்ட சாமந்தி மொட்டுக் கட்டியிருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் செடிக்குச் செடி அந்த வண்டு. கரையில் தின்ன ஒன்றுமில்லாமல் இங்கே ஏறிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். மொட்டின் மேல் பூச்சியைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா நிற்கமாட்டோம். முதலில் மருந்தடிக்கிற டேங்கைத்தான் தேடுவோம். ஒரு இலையைத் திருப்பிப் பார்க்கலாம், கடித்திருக்கிறதா என்று. தோன்றவில்லை. அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம். அதுவும் தோன்றவில்லை. டேங்கை முதுகில் மாட்டிச் சாமந்திக்கு மருந்து அடித்தேன். மிச்சத்தை வீணாக்குவானேன் என்று கரைக்கும் போய் அடித்துத் தீர்த்தேன்.

சாயங்காலம் பார்த்தேன். பாத்தியெல்லாம் செத்த வண்டு. சாமந்தியில் ஒரு இலையில்கூடக் கடி இல்லை. பாவம், இளைப்பாற வந்து உட்கார்ந்திருக்கிறது.

அவர் திரும்பி வந்து கரையெங்கும் குனிந்து குனிந்து தேடினார். மழை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றேன். நம்பிவிட்டார். அடுத்த மழைக்கு ஒரு வண்டும் கிளம்பவில்லை, பார்த்தீனியம்தான் கிளம்பியது. அதற்குள் சிநேகிதருக்கு மாற்றலாகியிருந்தது. வேறு ஒருவரைப் பிடித்து ஒரு டப்பா வாங்கிவந்து விட்டோம். அந்த வருஷம் மழை ஏமாற்றியது, வண்டு நிலைக்கவில்லை. அவருக்கு இரண்டு கண்ணும் திறக்க முடியாமல் வீங்கியபோது மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது கடலோரம் மூன்றாவது மாடியில் இருக்கிறார். தோல் தேறிவிட்டது. ஆனால் ஆள் தேறவில்லை. நிலத்தை யார் பார்ப்பது என்று நான் மட்டும் இங்கே இருக்கிறேன். மழை பெய்ததென்று கேள்விப்பட்டால் போதும், விடிந்ததும் போன் வந்துவிடும். வண்டு கிளம்பியதா, போய்ப் பார்த்தாயா என்று கேட்பார். கிளம்பினால் வந்துவிடலாம் என்ற நினைப்பு. நானும் போய்ப் பார்த்துவிட்டு, இல்லைங்க என்பேன்.

இந்த வருஷம் முதல் மழைக்கும் கேட்டார். என்னால் தாங்க முடியவில்லை.

“அது இனிமே வராதுங்க. நான்தான் மருந்தடிச்சுக் கொன்னேன். சாமந்தியத் தின்னுடும்னு பயந்துட்டேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். அந்தப் பக்கம் டிவியை நிறுத்தினார்.

“வுடு புள்ள. அது சாமந்தியத் தொடாதுன்னு ஒங்கிட்ட நான் சொல்லியிருக்கணும். சொல்லாம வுட்டுட்டேன். எம்மேலதான் தப்பு.”

அவர் சொல்லியிருந்தார். தட்டில் கை வைத்தபடி, சாமந்தியக்கூடத் தொடாதாம் புள்ள என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு ‘ம்’ கொட்டினேன்.

போனிலும் ‘ம்’ என்றுதான் சொன்னேன்.