விருந்தினருக்கு நிற்காத தொலைநோக்கி

பெரிய திரையில் சனிக்கோள் தன் வளையத்தோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. விருந்தினர் ஒருவர் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கக் கையை உயர்த்தினார். அதற்குள் சனி நழுவிப் போய்விட்டது. பதிலுக்கு வந்தது, சில மங்கலான புள்ளிகளைத் தவிர ஒன்றுமே தெரியாத சாம்பல் வானம். தொம்மலூரில் இருந்த எங்கள் அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம்.

வந்திருந்தவர்கள், எங்கள் திட்டத்தைத் தொடரலாமா மூடலாமா என்று முடிவு செய்யும் குழுவினர். தொலைநோக்கி இருப்பது தென்னமெரிக்காவில் ஒரு மலைமேல். நமக்குக் காலை என்றால் அங்கே இரவு. அங்கே அதை இயக்க ஆள் கிடையாது. எங்கே பார்ப்பது, எதை விடுவது என்று முடிவெடுப்பது நாங்கள் இங்கே உட்கார்ந்து எழுதிய மென்பொருள்தான். எங்கோ இரண்டு விண்மீன்கள் மோதி ஈர்ப்பலை கிளம்பினால், அதை உணரும் நிலையங்கள் உடனே செய்தி அனுப்பும். செய்தி வந்ததும் தொலைநோக்கி கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பி, மோதலின் வெளிச்சம் அணைவதற்குள் தேட வேண்டும். அதைக் கட்டியதே அதற்காகத்தான். அன்று செய்தி வந்தது, அது திரும்பியது.

எங்கள் டீம் லீட் பக்கத்து மர்பி டவுனைச் சேர்ந்தவர். நாங்கள் மேடம் என்போம். காவலாளியிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், ஹேங் ஆன கணினியைத் திட்ட உருது என்று பிரித்து வைத்திருந்தவர். எங்கள் நிறுவன இயக்குநர் முகம் சிவக்க அவரிடம் வந்தார்.

"என்னங்கம்மா இது? மொதல்ல இத நிறுத்துங்க."

"மழை வந்தா நிக்கும் சார். பலமா காத்து அடிச்சா நிக்கும். கெஸ்ட் வந்தா நிக்காது. நான் அப்படி எழுதல."

"இப்ப எழுதுங்க."

"மாட்டேன் சார்."

மேடம் குரலை உயர்த்தவே இல்லை.

விருந்தினர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் அடுத்த செய்தி வந்தது. முதலில் வந்தது தவறாம். மோதலே நடக்கவில்லையாம், அந்த நிலையத்துக் கருவியின் இரைச்சலாம். அப்போது இயக்குநர் சிரித்தாரே ஒரு சிரிப்பு, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு ஆட்டம்?" என்றார்.

"அடுத்த செய்திக்கும் திரும்பும் சார்," என்றார் மேடம்.

திட்டம் பிழைத்தது, மேடம்தான் அதில் இல்லை. ஊழியர்களின் லீவு விண்ணப்பங்களைக் கையாளும் மென்பொருளுக்கு அவரை மாற்றினார்கள். சில மாதங்களில் வேலையை விட்டே போய்விட்டார். செய்தி பொய்யாகப் போனதால் அவர் செய்ததும் தப்பு என்று இன்றும் கேண்டீனில் பேசுகிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கதவைத் தட்டுவது யார் என்று திறந்து பார்த்தால்தானே தெரியும்? பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று திறக்காமல் இருந்துவிட்டு, பிறகு உண்மையான மோதல் ஒன்றைத் தவறவிட்டால், அந்த வெளிச்சத்தை யார் திரும்பக் கொண்டுவருவது? தானாக முடிவெடுக்கும் இயந்திரம் என்று பீற்றிக்கொள்ளவும் வேண்டும், அது நம் முகம் பார்த்து நடக்கவும் வேண்டும் என்றால் எப்படி?

மேடத்தின் இடம் எனக்கு வந்தது. கூடவே முதல் வேலையும் வந்தது: விருந்தினர் இருக்கும்போது எந்தச் செய்தி வந்தாலும் தொலைநோக்கி திரும்பாதபடி எழுத வேண்டும். போன மாதம் இயக்குநர் என் மேசைக்கே வந்தார்.

"எழுதியாச்சுங்களா?"

"எழுத மாட்டேன் சார். என்னையும் லீவு லெட்டர் பாக்க அனுப்பிடுங்க."

"வேற ஆளப் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீமில் ஒவ்வொருவராகக் கேட்டு முடித்துவிட்டார். இன்னும் ஆள் கிடைக்கவில்லை.