அடைகல்லில் வைத்த சாவி

திருவட்டாறுக்குப் பக்கத்தில், தாத்தாவின் கொல்லப்பட்டறையை ஒட்டியிருந்த ஒற்றையறை வீட்டில்தான் எங்கள் அப்பா பிறந்தார்கள். இன்று அதே இடத்தில் கண்ணாடிச் சுவரும் ஏசியுமாகக் கார் ஷோரூம் நிற்கிறது. இடையில் நடந்ததெல்லாம் அப்பாவின் பாடு.

பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு உலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் அப்பா. ரப்பர் வெட்டும் கத்தியும் மண்வெட்டியும் அடித்தார்கள். ஜீப்புகளின் உடைந்த ஸ்பிரிங் பட்டைகளைச் சரிசெய்யப் போய், பட்டறை ஒர்க்‌ஷாப்பாக மாறியது. தேங்காய்ப்பட்டணத்துக் கல்ஃப்காரர்கள் லீவு முடிந்து கிளம்பும்போது, "நல்ல ஆளாப் பாத்து வித்திருங்கண்ணே" என்று காரை அப்பாவிடம் விட்டுவிட்டு நிம்மதியாக விமானம் ஏறுவார்கள். அந்த நம்பிக்கைதான் பின்னாளில் கார் ஏஜென்சியையும் தேடி வரவைத்தது.

ஷோரூம் திறந்தபோது, தாத்தா இரும்பை வைத்து அடித்த அடைகல்லை அப்பா நடுக்கூடத்தில் கொண்டுவந்து போட்டார்கள். பளபளக்கும் டைல்ஸில் இரண்டு உடைந்தும் போயின. வெட்டுகத்தியோ அரிவாளோ எதுவானாலும், கொல்லன் அதைக் கைக்குக் கை தரமாட்டான். அடைகல்லில் வைப்பான், வந்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கார் சாவிக்கும் அப்பாவிடம் அதே சட்டம்தான்.

"கையில தந்தா பிடிக்க மாட்டனா, மொதலாளி?" என்று கேட்பவர்களிடம், "கைக்குக் கை இரும்பு போனா ரெண்டு பேருக்கும் பிணக்கம் வரும் மக்கா. எடுத்துக்கோ" என்பார்கள்.

கம்பெனி அதிகாரி ஒருவர், பெரிய அட்டைச் சாவியைக் கையில் கொடுப்பதுபோல் படம் எடுக்கவேண்டும் என்று அடம்பிடித்தார். அப்பா மறுக்கவே இல்லை. "அட்டையில செஞ்சதுல்லா? அதைத் தாராளமா கையில குடுக்கலாம்" என்று சிரித்தபடி நின்றார்கள். படம் எடுத்து முடிந்ததும் அசல் சாவி அடைகல்லுக்குத்தான் போனது.

அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது, மஸ்கட்டிலிருந்து தம்பி வந்தான். ஷோரூமை மூடிவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டலாம் என்றான். அங்கேயே உட்கார்ந்து வியாபாரம் பார்த்துவந்த எனக்குச் சுள்ளென்று ஏறியது. உறவினர்களாகிய உங்களுக்குத் தெரியாததல்ல, மறைக்க என்ன இருக்கிறது? ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அம்மாவைத் தூது விட்டுத்தான் பேசினோம். கட்டிலில் கிடந்த அப்பாவுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஒரு நாள் காலையில், ஷோரூமுக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். சக்கர நாற்காலியை அடைகல்லின் பக்கத்தில் நிறுத்தினோம். மடியிலிருந்து ஷட்டர் சாவிக்கொத்தை எடுத்தார்கள். கை நடுங்கியது. விழுந்துவிடுமோ என்று தம்பி சட்டென்று கையை நீட்டினான். அப்பா அவன் கையைத் தவிர்த்து, மெல்ல மெல்ல நகர்த்தி, சாவியை அடைகல்லில் வைத்தார்கள்.

"ரெண்டு பேரும் பேசி, யாராவது எடுங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

தம்பிதான் முதலில் எடுத்தான். கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்பாவையே பார்த்தான். பிறகு எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தான்.

"எடு அக்கா."

"கையிலதான் தந்தா என்னடே?"

"எதுக்கு? மறுபடியும் சண்டை போடவா?"

நான் அழுதுகொண்டே எடுத்தேன். அப்பா சிரித்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் அது அப்பாவின் பழைய சிரிப்பேதான். அன்று மதியம் மீன்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தம்பியின் லீவு முடியும் முன்பே, தூக்கத்தில் அமைதியாகப் போய்விட்டார்கள். அப்பா இல்லாத வீடு எனக்கு இன்னும் பழகவில்லை.

அப்பாவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கும், சிகிச்சை தந்த டாக்டருக்கும் நர்ஸ்மார்களுக்கும், கடைசிவரை தோள் கொடுத்த ஒர்க்‌ஷாப் பிள்ளைகளுக்கும், துக்கத்தில் கூடநின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. முதலாண்டு நினைவு நாளுக்குத் தம்பியும் வந்திருக்கிறான். வாசலில் நாங்கள் இருவரும் சேர்ந்து நின்று இந்த நினைவு மலரைத் தருகிறோம். காகிதம்தானே, அப்பா ஒன்றும் சொல்லமாட்டார்கள். உங்கள் கையிலேயே தருகிறோம்.