பால் குடித்த ஓப்பல்

ஆஸ்திரேலியாவில் நர்ஸாக இருக்கும் அக்காளின் மகள் இந்த முறை விடுமுறைக்கு வந்தபோது, தன் அம்மாவுக்கு ஒரு ஓப்பல் கல் கொண்டுவந்தாள். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். பால் வெள்ளையில் பச்சையும் ஆரஞ்சுமாகப் பொட்டுகள். கல்லைத் திருப்பினால் அவை இடம் மாறிக்கொள்ளும்.

எதையும் கிழமையோடு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கல் வந்தது ஒரு ஞாயிறு. அடுத்த ஞாயிறுக்குள் ஓப்பலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்து, அக்காளிடம் ஒப்பிக்கப் போனேன். கறுப்பு ஓப்பல்தான் ராஜா, இருண்ட உடம்பில் சிவப்பும் நீலமும் கனலும் என்றேன். சில கற்களைப் பழுப்புப் பாறையோடு சேர்த்தே அறுப்பார்கள், பாறை விரிசலில் மயில்நிறம் ஓடும். மெக்சிகோவின் தீ ஓப்பல் தெளிந்த ஆரஞ்சு, பெரும்பாலும் அதில் நிறம் விளையாடாது. பெரு நாட்டில் கிடைப்பது ரோஸ் மில்க் நிறம்.

"எலே, நீ கல்லைப் பற்றிச் சொல்லுதியா, ஐஸ்கிரீம் கடையில ஆர்டர் கொடுக்குதியா?" என்றாள் அக்காள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடக்கியவள்.

கல் வந்த டப்பாவில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதில் எத்தியோப்பியா என்று அச்சிட்டிருந்ததை நான் காட்டினேன்.

அத்தான் பேப்பரை மடக்கினார். "ஆஸ்திரேலியாக் கல்லுன்னு குளத்தூர் வரைக்கும் சொல்லியாச்சே. இனி வீடுவீடாப் போய்த் திருத்தணும் போல."

எத்தியோப்பியக் கல்லின் குணத்தைத்தான் நான் அடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும் வந்துவிட்டன. குறிப்பேட்டை மூடினேன்.

நெய்யாற்றின்கரையில் எங்கள் வீட்டுத் தாலிகளையெல்லாம் செய்த ஆசாரி, அந்தக் கல்லை மோதிரத்தில் பதித்துப் புதன்கிழமை கொடுத்தார். ஓப்பல் சுக்கிரனுக்கு உரியது, வெள்ளிக்கிழமை காலையில் போடவேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். வெள்ளி காலை எட்டு மணிக்கு அக்காள் போன் செய்தாள்.

"ஆசாரி கல்லை மாத்திப்போட்டான், மக்கா. இது வெறும் கண்ணாடியாக்கும்."

ஓடினேன். அவள் சொன்னது போலத்தான் இருந்தது. பச்சையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. கல்லுக்கு அடியில் விரல் ரேகை தெரிந்தது. காரோடு என்ற ஊரில் இருக்கும் சித்தி மகளிடம் விஷயத்தை அதற்குள் சொல்லியும் விட்டாள். பத்து மணி பஸ்ஸில் ஆசாரியின் கடைக்குப் போய் நாலுபேர் முன்னால் கேட்பதாகத் திட்டம். நாற்பது வருஷமாக ஒரு குன்றிமணிப் பொன்னுக்குக்கூடப் பேச்சு வாங்காத மனிதர் அவர்.

"முந்தாநேத்து வாங்கி எங்க வச்சிருந்த?"

"பாலில போட்டு வச்சேன். பின்ன எங்க வைக்கியது? கல்லுன்னா பாலில போட்டுச் சுத்தி செய்துதானே விரலில போடணும்?"

குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். எத்தியோப்பிய ஓப்பலுக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஈரத்தில் கிடந்தால் உறிஞ்சிக்கொண்டு நிறத்தை விட்டுவிடும். காய்ந்தால் பெரும்பாலும் திரும்ப வரும்.

"கல்லு பாலு குடிக்குமா? அது என்ன பூனையா?"

"போன ஞாயிறே எழுதி வச்சிருக்கான்," என்றார் அத்தான். "பஜ்ஜி தின்ன நேரத்தில சொல்லியிருந்தா ஒரு டம்ளர் பால் மிச்சம்."

அவர் சொன்னது சரிதான். புதன்கிழமை வரை பொறு, அதன்பிறகு நானே கூட வருகிறேன் என்று கெஞ்சினேன். அக்காள் அரைமனதாகச் சம்மதித்தாள். மோதிரத்தை வெயில் படாமல் ஷோகேஸில் ஒரு துணிமேல் வைத்தோம். சனி: கண்ணாடிதான். ஞாயிறு: முழுக்க வெளுத்துவிட்டது, நிறம் இல்லை. "இப்போ சுண்ணாம்பாயாச்சு. உன் புத்தகம் கொள்ளாம், ரொம்ப நல்லா இருக்கு," என்று கேலி செய்தாள். திங்கள் மத்தியானம் ஓரத்தில் கடுகளவு பச்சை. செவ்வாய்க்கிழமை ஆரஞ்சும் வந்து சேர்ந்தது. அடிப்பக்கம் மட்டும் லேசான மஞ்சள் நின்றுவிட்டது.

அக்காள் வெகுநேரம் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "நாளைக்குப் பத்து மணி பஸ்ஸு," என்றாள்.

கடையில் ஆசாரி எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வழக்கமாக எழுந்திருப்பார்.

"டீச்சர் வருவீங்கன்னு தெரியும். காரோட்டுல இருந்து உங்க சித்தி மகளு திங்களாழ்ச்சை வந்தாவ. நான் செய்த வளையலை வேற கடையில உரசிப் பார்த்துட்டு வந்ததாச் சொன்னாவ. பொன்னோட மாத்து சரியா இருந்ததாம்."

அக்காள் மோதிரத்தைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். "பாலில போட்டு நிறத்தைக் களஞ்சது நானாக்கும். உங்க மேல பழி சொன்னதும் நானாக்கும்."

அக்காள் கைப்பையிலிருந்து போனை எடுத்து, அங்கேயே நின்று, ஸ்பீக்கரில் போட்டுச் சித்தி மகளை அழைத்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பாலை மறைக்கவில்லை. இதை நீ யாரிடமெல்லாம் சொன்னாய், சொல்லு என்று பெயர் பெயராகக் கேட்டாள். ஏழு பெயர் வந்தது. கடை ஸ்டூலில் உட்கார்ந்து, ஏழுபேரையும் அங்கிருந்தே அழைத்தாள். மூன்றாவது ஆளிடம் பேசும்போது ஆசாரி எழுந்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார். ஐந்தாவது ஆளின்போது வாசலில் நின்ற பையனிடம் மூன்று சாயாவுக்குச் சொன்னார்.