ஷிஜினின் நீல மச்சு

ஒரு பலகையைத் தேய்த்து முடித்ததும் ஷிஜின் விசிலை வாயில் வைத்து ஒரு ஊது ஊதுவார். "ரைட்... அடுத்தது!" என்று முழங்காலால் நகர்ந்து அடுத்த பலகைக்குப் போவார். புதுக்கடை வழியாக நாகர்கோவில் போகும் பஸ்ஸில் நடத்துநர். லீவு நாளிலும் கழுத்திலிருந்து விசில் இறங்குவதில்லை. பக்கத்து வீட்டுக்காரனான என்னுடைய மத்தியானத் தூக்கம் போன மாதத்தோடு போயிற்று.

அவருடையது ஓட்டு வீடு. மேலே மச்சில் ஒரே அறை, தரை முழுக்கப் பழைய பலாப்பலகை. ஆணி எழும்பி, சிராய் கிளம்பிக் கிடந்தது. பிரசவத்துக்குத் திருவட்டாறு போன மனைவி லிஜி, பிள்ளைக்கு ஏழு மாதமாகியும் தாய்வீட்டிலேயே இருந்தாள். "பிள்ளை தவழ ஆரம்பிச்சாச்சு. அந்தத் தரையில விட்டா முட்டு கிழிஞ்சு போவும். நீங்க அதைச் சரியாக்குங்க, நான் வாறேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். மாமியாருக்கோ அவசரமே இல்லை. "பைய வரட்டும் மோனே" என்றாராம். அந்தப் 'பைய'தான் ஷிஜினை ஆட்டிவைத்தது. மகன் தவழ்வதை அவர் செல்லில்தான் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் தேய்ப்பதை நிறுத்திவிடுவார், பாவம்.

ஆணிகளை அடித்து உள்ளே இறக்கினார். இடுக்குகளில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார். தேய்த்த பலகையின்மேல் லிஜியின் பழைய நைலான் துப்பட்டாவை இழுப்பார். எங்காவது நூல் மாட்டினால், "டிக்கெட் எடுக்காம ஒருத்தன் நிக்கான்" என்று மறுபடி உப்புத்தாளை எடுப்பார். பெயிண்ட் தேங்காப்பட்டணத்திலிருந்து வந்தது, வள்ளத்துக்கு அடிக்கிற நீலம். நான் முகம் சுளித்தேன்.

"கடல் தண்ணியிலயே நிக்குது சார். பிள்ளைக்க மூத்திரத்துல நிக்காதா?"

கன்னிமூலை விஷயத்தில் மட்டும் மனிதரைத் திருத்த முடியாது. கோழிக்கூடு கட்டினாலும் தென்மேற்கு மூலையில் நின்று சிலுவை போட்டுத்தான் தொடங்குவார். பெயிண்டையும் வெள்ளிக்கிழமை காலையில் அப்படியே தொடங்கினார். அந்த வீட்டில் மாடிப்படி ஏறி வருவதே கன்னிமூலையில்தான்! அடித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, எதிர்மூலை ஜன்னலடியில் முதுகு முட்டியபோதுதான் புத்தி வந்திருக்கிறது. நீளமாக ஒரு விசில் கேட்டது. ஏணியோடு ஓடினேன். ஜன்னலில் கம்பி. ஆள் உட்கார முறம் அகலத்துக்கு இடம் மிச்சம்.

"மிதிச்சுட்டு வந்துரும்வே, பிறகு அடிச்சுக்கலாம்" என்றேன்.

"நாளைக்கழிச்சு அவங்க பாக்க வாறாங்க சார். ஒரு தடம் கிடந்தா போதும், எனக்க மாமியா பிள்ளையைத் திரும்பத் தூக்கிட்டுப் போயிருவா."

கம்பி வழியாகப் பழமும் கட்டன்சாயாவும் கொடுத்தேன். பெயிண்ட் காயும்வரை பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போடுகிறவர்களைப்போல நடித்துக் காட்டி என்னையும் சிரிக்கவைத்துக்கொண்டு இருந்தார். சாயங்காலம் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூனை நடையில் படிக்கு வந்தார். மீதி இடத்தை மறுநாள் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். மாமியார் மச்சேறி ஓரமாக நின்றார். "பெட்டி வண்டியிலயே இருக்கட்டு. முதல்ல தரையப் பாப்போம்."

ஷிஜின் வேட்டியைத் தொடைவரை மடித்துக் கட்டினார். வெறும் முழங்காலை ஊன்றி, படியிலிருந்து ஜன்னல்வரை கடகடவென்று தவழ்ந்து போனார். அங்கே திரும்பி, எழுந்திருக்காமலே, உள்ளங்கையால் தரையைத் தட்டினார். "வா மக்கா!"

லிஜியின் இடுப்பில் பிள்ளை துள்ளியது. அவள் அம்மாவைப் பார்க்காமல் குனிந்து, பிள்ளையை நீலப் பலகையில் இறக்கிவிட்டாள்.