கரும்பலகையில் எழுதாத வரி

செஞ்சியில் கோட்டைக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. வாசலில் ஒரு கரும்பலகை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக அதில் ஒரு தகவலை எழுதிவிடுவேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். கிளியோபாட்ரா வாழ்ந்த காலம், பெரிய பிரமிடு கட்டிய காலத்தைவிட நாம் நிலாவுக்குப் போன காலத்துக்குத்தான் பக்கம். ஆதார் கார்டை நகலெடுக்க வந்தவர்கள் படித்துவிட்டு, "நெஜமாவா?" என்பார்கள். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு, அன்றைக்குச் சோறே வேண்டாம். இது ஒரு போதை என்று அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

என் அக்காவின் கணவர் தினமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது அந்தப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார். அதுதான் அன்றைக்கு அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். "மச்சான் போர்டுல எழுதிட்டான்னா அதுக்கு அப்பீல் கெடையாது" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

போன வருஷம் ஐப்பசியில், மழைக்கு முன்னால் கொல்லைக்காட்டில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கிவிட ஊரே அடித்துப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மாமா போன் செய்தார்.

"மச்சான், காலைல கொல்லையில அக்காவ பூச்சி தொட்டுட்ச்சி."

எங்கள் பக்கத்தில் பாம்பைப் பாம்பு என்று சொல்லமாட்டார்கள்.

"காலைலயா? மணி பன்னெண்டு ஆவுது, இன்னா மாமா பண்ணிட்டிருந்தீங்க?"

"நீதான மச்சான் நாலு நாள் முன்ன எழுதியிருந்த? எல்லாக் கடியிலயும் வெசம் ஏறாது, சில நேரம் சும்மா பல்ல மட்டும் வெச்சிட்டுப் போயிடும்னு. வேப்பிலைய மெல்லக் குடுத்தோம், கசக்குதுன்னா. கசந்தா வெசம் இல்லன்னு எல்லாரும் சொன்னாங்க. கூலி ஆளுங்கள கொல்லையில வெச்சிக்கினு எப்பிடி வர்றதுன்னு அவ பாட்டுக்குப் புடுங்கிட்டு இருந்தா. இப்ப பல்லுல ரத்தம் வருது மச்சான்."

கடையைப் பூட்டினேனா இல்லையா என்று இன்றுவரை நினைவில்லை. ஆட்டோவில் ஏற்றி வரச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினேன். ஆட்டோவிலிருந்து அக்காவை இறக்கினார்கள். வலது கால் முட்டிவரை வீங்கிப் பளபளவென்றிருந்தது. உதட்டோரம் ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "இன்னும் பாதிக் கொல்லை கெடக்குதுடா" என்றாள். அவள் பேசுவதே எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நான் அவள் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு மேசைமேல் நிறுத்தி வைத்தார். "இருபது நிமிஷம். யாரும் தொடாதீங்க, ஆட்டாதீங்க. ஒறைஞ்சா பயமில்ல. ஒறையலன்னா வெசம் ஏறியிருக்குதுன்னு அர்த்தம்."

இருபது நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மேசைப் பக்கம் யார் நடந்தாலும் அடித்துவிடலாம் போல வந்தது. குழாயைப் பார்ப்பேன், கடிகாரத்தைப் பார்ப்பேன், பிறகு அக்காவை. ஊரில் யாருக்கும் தெரியாத ஆயிரம் விஷயம் என் மண்டையில் இருந்தது, அந்த நேரத்துக்கு உதவ ஒன்றுகூட வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்து குத்தியது. அந்தப் பாம்புத் தகவலை நான் செல்போனில் படித்தபோது அதன் கீழே இன்னொரு வரியும் இருந்தது. எந்தக் கடியையும் விஷக்கடியாகவே நினைத்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று. அதை எழுதவும் சாக்பீஸைத் தூக்கினேன். எழுதினால் சுகாதாரத் துறை நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும், யாரும் "நெஜமாவா?" என்று கேட்கமாட்டார்கள் என்று தோன்றியது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன்.

நர்ஸ் வந்து குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது.

டாக்டர் விஷமுறிவு மருந்தை ஏற்றச் சொன்னார். அந்த மருந்தைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அதையும் ஒரு நாள் பலகையில் எழுதிக் கைதட்டல் வாங்கியவன்தான் நான். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். சொன்ன மாதிரியே கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு வாங்கி, கட்டிலே ஆடுகிற அளவுக்குக் குளிர் வந்தது. மருந்தை நிறுத்தினார்கள், ஊசி போட்டார்கள், மறுபடி ஏற்றினார்கள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவள் செத்துவிடுவாள், நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

குளிர் அடங்கிய பிறகு டாக்டர் கோபமாகக் கேட்டார். "காலைல கடிச்சதுக்கு மத்தியானம் வர்றீங்க. ஏம்மா இவ்ளோ லேட்டு?"

மாமா வாயைத் திறந்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

"மழைக்கு முன்ன புடுங்கிடலாம்னு இருந்துட்டேன் சார். என் தப்புதான்."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. சின்ன வயதில் நான் உடைத்த பானைக்கெல்லாம் அவள்தான் அடி வாங்குவாள். இப்போதும் வாங்கிக்கொண்டாள், நானும் வாயைத் திறக்காமல் நின்றேன்.

ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்துக் குழாயில் வைத்தார்கள். மறுபடியும் இருபது நிமிஷம். இந்த முறை நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். "ஒறைஞ்சிட்ச்சி" என்று நர்ஸ் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். மாமா டீ வாங்க வெளியே போனார். நான் கட்டிலோரம் போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ எழுதுனது ஒண்ணும் பொய்யில்லியே. அழுவாத" என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"அதுக்குக் கீழ இன்னொரு வரி இருந்துச்சிக்கா. எந்தக் கடியா இருந்தாலும் ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு. நான் எழுதல."

"போர்டுல எடம் பத்தலியா?"

"எடம் இருந்துச்சிக்கா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையை என் கையிலிருந்து எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.